மூன்று மீட்டர் ஹிபினோ

ஹிபினோ கென்சாகுவுக்கு ஒரே ஒரு ஆசை: தன் தெருவிலேயே முடி வெட்டிக்கொள்ள வேண்டும். அறுபத்தேழு வயதில் மனிதர்கள் ஆசைப்படுகிற காரியங்களில் இது மிகச் சின்னது என்று அவருக்கே தெரியும். வீட்டு வாசலில் நின்றால் எதிர்ச்சாரியில் ஆறாவது கடை முடிதிருத்தும் கடை. சிவப்பும் நீலமும் வெள்ளையுமாய்க் கோடு போட்ட கம்பம் அங்கே சுற்றிக்கொண்டே இருக்கும். அந்தக் கம்பத்தைப் பார்க்காததுபோல் தாண்டி, ரயிலேறி, இரண்டு ஸ்டேஷன் தள்ளி இறங்கி, பெயர் தெரியாத ஒருவரிடம் தலையைக் கொடுத்துவிட்டுத் திரும்புவார். முப்பது வருடமாக இப்படித்தான். "தலையில இருக்கறதே ஒரு கைப்பிடி. அதுக்கு ரயில் பயணம் வேற" என்று அவரே சொல்லிக்கொள்வார்.

அவர் வேலை பார்த்தது வானொலி அலைகளைக் கண்காணிக்கும் அரசு அலுவலகம் ஒன்றில். கூரையில் வளையம் வைத்த வெள்ளை வண்டியில் ஊர் ஊராகப் போய், அனுமதியில்லாமல் காற்றில் பேசுகிறவர்களைப் பிடிப்பது தொழில். பெரும்பாலும் லாரி ஓட்டுநர்கள் சிக்குவார்கள். "போலீஸ்காரன் திருடனப் பிடிப்பான். நான் பேசறவனப் பிடிச்சேன். அதான் என்னோட யாரும் பேசறதில்ல" என்பார் மனைவி சயோகோவிடம். அவள் மறுத்துச் சொல்லுவாள் என்று எதிர்பார்த்துத்தான் இதைச் சொல்லுவார். அவள் மறுத்ததே இல்லை.

எங்கள் நாட்டில் உரிமம் வாங்காமலே எவரும் சின்னதாக ஒரு எஃப்எம் நிலையம் நடத்தலாம். ஒரே நிபந்தனை, ஒலிபரப்பும் பெட்டியிலிருந்து மூன்று மீட்டர் தள்ளி நின்று அளந்தால் அலையின் பலம் ஐந்நூறைத் தாண்டக் கூடாது. ஐந்நூறு என்ன என்று கேட்காதீர்கள். ஹிபினோ எங்களுக்குப் பத்துத் தடவை விளக்கிவிட்டார். பத்துத் தடவையும் தலையாட்டியிருக்கிறோம், ஒன்றும் ஏறவில்லை. தெருவில் நாலு வீட்டுக்குக் கேட்கும், ஐந்தாவது வீட்டில் இரையும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முப்பது வருடத்துக்கு முன்பு, அப்பா விட்டுப்போன முடிதிருத்தும் கடையின் மாடியில் யோகோய் தொயோஹிகோ அப்படி ஒரு பெட்டி வைத்திருந்தார். அப்போது அவருக்கு இருபத்தைந்து வயது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பேசுவார். இன்று எந்தக் கடையில் கானாங்கெளுத்தி மலிவு, யார் வீட்டுப் பூனையைக் காணோம், பேஸ்பால் ஆட்டத்தில் நம்ம ஆட்கள் எப்படிக் கோட்டை விட்டார்கள், இவ்வளவுதான். ஹிபினோவின் அடுக்களையிலும் அது கேட்டது. சயோகோ அதைக் கேட்டுச் சிரித்தபடியே முள்ளங்கி சீவுவாள்.

யாரோ வீட்டு டிவியில் கோடு விழுகிறது என்று புகார் வந்தது. ஹிபினோ வெள்ளை வண்டியோடு தன் தெருவுக்கே வந்து இறங்கினார். டேப் பிடித்து மூன்று மீட்டர் அளந்து, கருவியை நிறுத்தினார். ஐந்நூற்று நாற்பது. அந்தக் கருவி பத்துக்கு ஒன்று கூடவோ குறையவோ காட்டும் என்பது அலுவலகத்தில் தேநீர் ஊற்றுகிறவருக்கும் தெரியும். இன்னொரு தரம் அளந்திருந்தால் நானூற்றுத் தொண்ணூறு வந்திருக்கலாம். ஹிபினோ அளக்கவில்லை. சொந்தத் தெரு என்று சலுகை காட்டினான் என எவனும் சொல்லிவிடக் கூடாது. எச்சரிக்கைக் கடிதம் எழுதிக் கையெழுத்து வாங்கினார். அபராதம்கூட இல்லை, வெறும் கடிதம். யோகோய் குனிந்து வணங்கி, "சிரமம் குடுத்துட்டேன்" என்றார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாடியிலிருந்து சத்தம் இல்லை. சயோகோ வானொலியை அணைக்காமல், இரைச்சலைக் கேட்டுக்கொண்டே முள்ளங்கி சீவினாள். அன்றிலிருந்து அவர் ரயிலேறித்தான் முடி வெட்டிக்கொள்கிறார். மூன்று மீட்டர் ஹிபினோ என்று தெரு பெயர் வைத்தது. அந்தப் பெயர் அவர் காதுக்கு எட்டப் பதினோரு வருடம் ஆனது. எங்கள் ஊரில் எதையும் முகத்துக்கு நேரே சொல்ல மாட்டார்கள்.

அது பற்றித்தான் மீதிக் கதையும்.

எங்கள் ஊர் ஹனெகாவாவில் ஆகஸ்ட் நடுவில், இறந்தவர்கள் வீட்டுக்கு வந்து போகும் நாட்களில், கோவில் திடலில் மேடை கட்டி அதைச் சுற்றி ஆடுவோம். திடலை ஒட்டிப் புதிதாக ஒரு அடுக்குமாடி எழும்பியது. அங்கிருந்து, பெயர் போடாமல், மிக மரியாதையாக ஒரு கடிதம் வந்தது: விழா சிறக்க வாழ்த்துகள், ஒலி சற்றே குறைந்தால் நலம். குறைத்தோம். அடுத்த வருடம் இன்னும் மரியாதையாக இன்னொன்று. அதற்கடுத்த வருடம் பாட்டைச் சிள்வண்டு தோற்கடித்தது. வேறொரு ஊரில் ஆளுக்கொரு சின்ன ரேடியோ கொடுத்து, காதில் மாட்டிக்கொண்டு சத்தமில்லாமல் ஆடுகிறார்களாம் என்று ஊர்ச் சங்கத் தலைவி நிவா கேள்விப்பட்டார். நிவா அரிசிக் கடைக்காரி, எழுபத்தொரு வயது, எடுத்த காரியத்தை முடிக்காமல் விடமாட்டார். ஜூன் கடைசியில் ஒரு தர்பூசணியைத் தூக்கிக்கொண்டு ஹிபினோ வீட்டுக்கு வந்து, பெயரோடு மரியாதைக்குச் சான் சேர்த்துப் பேச்சைத் தொடங்கினார்.

"ஹிபினோ சான், ரேடியோ சட்டம் தெரிஞ்சவங்க எங்களுக்கு வேற யாரும் கிடையாது."

"நான் வாயத் தொறந்தா எல்லாரும் எழுந்து போயிடுவாங்களே, தலைவரம்மா."

"அந்தப் பயம் எங்களுக்கும் இருக்கு. ஆனா வேற வழியில்ல."

ஹிபினோ நிமிர்ந்து உட்கார்ந்தார். ஓய்வு பெற்ற இரண்டு வருடத்தில் அவரை யாரும் எதுவும் கேட்டதில்லை. வழி இரண்டு என்றார். ஒன்று, விழாவுக்கென்று தற்காலிக நிலையம் கேட்டு விண்ணப்பிப்பது. வரைபடம், சோதனை, சான்றிதழ் பெற்ற ஆள், மாதக்கணக்கில் காத்திருப்பு. போன குளிர்காலத்திலேயே தொடங்கியிருக்க வேண்டும். இன்னொன்று, உரிமம் வேண்டாத ஐந்நூறு.

"அது எவ்வளவு தூரம் கேக்கும்?"

"திடலுக்குள்ள கேக்கும். அடுக்குமாடிக்குக் கேக்காது."

"அதுதானே வேணும். மைக்குல பேச யோகோய் சான் ஒத்துக்கிட்டாரு. நீங்க ரெண்டு பேரும் மேடைல பக்கத்துல பக்கத்துல உக்காந்துக்கங்க. இந்த வருஷம் சரியா வரலன்னா அடுத்த வருஷத்துலருந்து ஆட்டமே வேண்டாம்னு சங்கத்துல பேச்சு. பாத்துக்கங்க."

ஹிபினோ ஒரு தர்பூசணி விதையை விழுங்கிவிட்டார். நிவா அதைக் கவனிக்காததுபோல் தோட்டத்தைப் பார்த்தார்.

அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போது ஹிபினோ கணக்குப் போட்டார். ஆட்டம் நல்லபடியாக நடந்தால், தெருவின் பாட்டை நிறுத்தியவனே பாட்டைத் திருப்பிக் கொடுத்தவன் ஆவான். அப்புறம் அந்தச் சுற்றும் கம்பத்தைத் தாண்டி உள்ளே போய் நாற்காலியில் உட்கார முகம் இருக்கும். அங்கே அந்த இன்னொரு தரம் அளக்காத விஷயத்தையும் சொல்லிவிடலாம். சயோகோவிடம் இவ்வளவையும் சொன்னார். மகன் பிறந்த நாளிலிருந்து அவள் அவரை அப்பா என்றுதான் கூப்பிடுகிறாள். மகன் ஒசாகா போய்ப் பத்து வருடமாகியும் அது மாறவில்லை.

"முடி வெட்டிக்கறதுக்கு ஊரையே ஆட வைக்கணுமா அப்பா? கதவத் தள்ளினா போதாதா?"

"உனக்குப் புரியாது."

"முப்பது வருஷமா புரியல. இனிமேயா புரியப்போகுது."

ஜூலை முழுக்க ஹிபினோ ஒரு சின்ன ஒலிபரப்புப் பெட்டியைக் கொல்லையில் வைத்து அளந்தார். மூன்று மீட்டர் மூங்கில் கழி ஒன்று வெட்டி, நுனியில் சிவப்புத் துணி கட்டினார். ஓய்வு பெற்றதும் தனக்குத்தானே பரிசாக வாங்கிக்கொண்ட கருவியை உறையிலிருந்து எடுத்தார். மற்றவர்கள் அந்தச் சமயத்தில் கேமராவோ தூண்டிலோ வாங்குவார்கள். முதல் நாள் சரியாக ஐந்நூறில் வைத்தார். படுத்தபின், கருவி பத்துக்கு ஒன்று பிசகுமே என்று தோன்றியது. காலையில் நானூற்றைம்பதாக்கினார். மேடை உயரத்தில் இருக்கும், அலை கொஞ்சம் கூடப் பரவும், முந்நூற்றைம்பது. மழை பெய்து தரை நனைந்திருந்தால்? முந்நூறு. விழாவுக்கு இரண்டு நாள் முன்பு, பழைய வெள்ளை வண்டி கோவில் வாசலில் வந்து நிற்பதாகவும், உள்ளிருந்து தானே இறங்கி வருவதாகவும் கனவு கண்டார். எழுந்து நூற்றைம்பதில் வைத்து, திருகில் ஒட்டுத்தாள் ஒட்டினார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி இடம் கொடுக்கமாட்டான் என்பார்களே, சட்டம் ஐந்நூறு கொடுத்தது, ஹிபினோ கொடுக்கவில்லை.

"உங்களையே நீங்க பிடிச்சுக்கப் போறீங்களா?" என்றாள் சயோகோ.

"யாரும் பிடிக்க முடியாதபடி வச்சிருக்கேன்."

"கேக்குமா?"

"நான் அடுக்களைல வச்சுக் கேட்டேனே. அருமையா கேட்டுது."

அடுக்களை கொல்லையிலிருந்து ஐந்து மீட்டர்.

விழா சனிக்கிழமை. ஆறரை மணிக்கு விளக்குகள் ஏறின. வழக்கமாக முரசு இருக்கும் மேடையில் இந்த வருடம் ஹிபினோவின் பெட்டியும் மைக்கும் பாட்டு வைக்கும் கருவியும். கீழே நூற்று இருபது பேர், கோடைக் கிமோனோவில், இடுப்புக் கச்சையில் சின்ன ரேடியோவைச் செருகி, காதில் ஒயரோடு நின்றார்கள். மேடையை ஒட்டி முதல் வட்டம், ஆட்டம் சொல்லித்தரும் பெண்கள். அதற்குப் பின்னால் இரண்டாவது. திடலின் ஓரமாக, வறுத்த நூடுல்ஸ் கடையையும் தொட்டுக்கொண்டு, மூன்றாவது வட்டம்.

யோகோய் மேடை ஏறிவந்து பக்கத்தில் உட்கார்ந்தார். வயது ஐம்பத்தைந்து. தலையில் ஹிபினோவைவிட முடி அதிகம்.

"ரொம்ப வெயில் இல்ல?" என்றார்.

"ஆமா. போன வருஷத்த விட அதிகம்."

"அடுத்த வருஷம் இன்னும் அதிகமாம்."

"அப்படியா."

இருவரிடமும் இருந்த வானிலை அத்தோடு தீர்ந்தது. ஹிபினோ விசையைத் தட்டினார். யோகோய் மைக்கை வாயருகே வைத்து, பக்கத்து மனிதருக்கு மட்டும் சொல்வதுபோல் மெல்லப் பேசினார். "ஹனெகாவா மக்களே, வணக்கம். நான் பேசறது கேக்கறவங்க கையத் தூக்குங்க."

முதல் வட்டம் கை தூக்கியது. உடனே இரண்டாவது வட்டமும். கொஞ்சம் தாமதமாக மூன்றாவது. நூடுல்ஸ் கடைக்காரர்கூடக் கரண்டியைத் தூக்கினார். அவரிடம் ரேடியோ இல்லை என்பது ஹிபினோவுக்கு அப்போது உறைக்கவில்லை.

பாட்டு தொடங்கியது. திடலில் மரச்செருப்புகளும் கை தட்டும் சத்தமும் தவிர வேறொன்றுமில்லை. அடுக்குமாடியின் பால்கனிகள் அமைதியாக இருந்தன. மூன்று வட்டமும் ஒரே திசையில் நகர்ந்தன, கைகள் மேலே போயின, வலம் திரும்பின. ஹிபினோ மேலிருந்து பார்த்தார். மூன்றாவது வட்டம் மட்டும் அரைத் தாளம் பின்தங்கியது. வயதானவர்கள், முழங்கால் வலி, என்று நினைத்துக்கொண்டார். ஒரு சொட்டுக்கூடச் சட்டத்தை மீறாமல் ஒரு ஊரையே ஆட வைத்துவிட்டோம் என்று பூரித்தார். தன் வாழ்க்கையில் இவ்வளவு சரியாக எதையும் செய்ததில்லை என்று தோன்றியது. பாவம், அந்த ஒரு மணி நேரம் அவருக்கு அப்படித் தோன்றியதில் எங்களுக்கும் பங்கு உண்டு.

இடைவேளையில் கீழே இறங்கினார். தொட்டியில் மிதந்த பார்லித் தேநீர்ப் புட்டி ஒன்றை எடுத்துக்கொண்டு, மிச்சமிருந்த ரேடியோ ஒன்றைத் தானும் காதில் மாட்டினார். மேலே யோகோய் சும்மா பேசிக்கொண்டிருந்தார், தொலைந்த செருப்பு ஒன்றைப் பற்றி. நன்றாகக் கேட்டது. ஹிபினோ நடந்தார். எட்டாவது அடியில் குரல் கரகரத்தது. பன்னிரண்டாவது அடியில் இரைச்சல். நூடுல்ஸ் கடை வரை நடந்தார். இரைச்சல்தான். ரேடியோவைத் தட்டிப் பார்த்தார். பேட்டரியைக் கழற்றி மாட்டினார். மூங்கில் கழியை எடுக்காமலே தெரிந்துவிட்டது.

ஓரத்தில் மருந்துக் கடைக்காரி குராத்தா விசிறிக்கொண்டு நின்றார்.

"குராத்தா சான், பாட்டு கேக்குதா?"

"ரொம்ப நல்லா கேக்குதுங்க. உங்களுக்குத்தான் எவ்வளவு சிரமம்."

"உங்க ரேடியோவக் கொஞ்சம் பாக்கலாமா?"

குராத்தா தயங்கிக் கொடுத்தார். அது அணைந்திருந்தது.

"இரைச்சல் கொஞ்சம் தல வலிச்சுது" என்றார் குரலைத் தாழ்த்தி. "எனக்கு மட்டும்தான் கெட்டுப்போனது வந்துடுச்சுன்னு நெனச்சேன். எல்லாரும் ஆடறாங்க, நடுவுல போயி மாத்திக் குடுங்கன்னு கேக்கறது நல்லா இருக்காதில்ல. முன்னாடி ஆடறவங்களப் பாத்து ஆடிட்டேன்."

"முன்னாடி யாரு?"

"தலைவரம்மா."

நிவா இரண்டாவது வட்டம். நிவாவின் ரேடியோவிலும் இரைச்சல். அவர் முதல் வட்டத்தைப் பார்த்து ஆடியிருக்கிறார். நூற்று இருபது பேரில் பாட்டைக் கேட்டு ஆடியது இருபத்தைந்து பேர். மற்றவர்கள், தன் ரேடியோ மட்டும்தான் பழுது, ஊருக்குச் சிரமம் வேண்டாம் என்று, ஒரு மணி நேரம் இரைச்சலுக்கு ஆடியிருக்கிறார்கள். கேட்கிறதா என்றபோது கையும் தூக்கியிருக்கிறார்கள். இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, இந்தக் கதையைச் சொல்கிறவனும் மூன்றாவது வட்டம்தான்.

ஹிபினோ மேடை ஏறினார்.

"வெளில கேக்கல" என்றார்.

யோகோய் மைக்கை மூடினார். "எவ்வளவுல வச்சிருக்கீங்க?"

"நூத்தம்பது."

"சட்டம் ஐந்நூறுதானே."

"கருவி பத்துக்கு ஒண்ணு முன்ன பின்ன காட்டும். அதான் கொஞ்சம் ஜாக்கிரதையா..."

தனக்கென்று வந்தபோது முந்நூற்றைம்பது விட்டுவைத்தவன், அன்று இந்த மனிதனுக்கு நாற்பது விட்டுக்கொடுக்கவில்லை. முப்பது வருடமாகத் தெரிந்த விஷயம்தான். ஆனால் வாயால் சொல்லித் தன் காதாலேயே கேட்டபோது மானம் போயிற்று. யோகோயும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"கூட்டுங்க" என்றார், அவ்வளவுதான்.

ஹிபினோ ஒட்டுத்தாளைக் கிழித்தார். யோகோய் மூங்கில் கழியைப் பிடித்துக்கொள்ள, சரியாக ஐந்நூறில் வைத்தார். கூடவும் இல்லை, குறையவும் இல்லை. திரும்ப இறங்கி நடந்து பார்த்தார். இரண்டாவது வட்டத்துக்கு வந்தது. இவ்வளவு உடம்புகள் குறுக்கே நிற்பதால் மூன்றாவது வட்டத்தில் இன்னும் இரைந்தது. இன்னும் ஒரு இழை திருகினால் போதும். நூடுல்ஸ் கடை வரை போய்விடும். யாரும் அளக்கப்போவதில்லை, அளக்கக்கூடிய ஒரே ஆள் அவர்தான்.

அந்த ஆளைத்தான் அவரால் சமாளிக்க முடியாது. அலையை இதற்கு மேல் வெளியே அனுப்ப முடியாது என்றால், ஆட்களை உள்ளே கொண்டுவர வேண்டியதுதான். சட்டம் அலைக்குத்தான் எல்லை போட்டிருக்கிறது.

மைக்கை வாங்கினார். நாற்பது வருடம் மற்றவர்கள் மைக்கைப் பிடுங்கியவர், முதல் தடவையாக ஒன்றில் பேசினார். "நான் ஹிபினோ. தப்பு என்னோடது. உங்க ரேடியோ ஒண்ணும் பழுதில்ல. தயவுசெஞ்சு எல்லாரும் மேடைகிட்ட நெருங்கி வாங்க."

முதல் வட்டம் அன்போடு நிமிர்ந்து பார்த்தது. இரண்டாவது பாதி புரிந்து விழித்தது. யாரை நெருங்கச் சொன்னாரோ அவர்களுக்கு ஒரு எழுத்தும் போய்ச் சேரவில்லை. பார்லித் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். கத்திச் சொல்ல முடியாது, எதிரே அடுக்குமாடியில் விளக்கு எரிகிறது. வேறு வழியில்லாமல் ஹிபினோ இறங்கி, ஓரத்தில் இருந்த ஒவ்வொருவர் முன்னாலும் நின்று குனிந்தார்.

"கேட்டிருக்காது. என் தப்பு. உள்ள வாங்க."

"இல்லையே, நல்லா கேட்டுதே."

"கேட்டிருக்க முடியாதுங்க."

"ஏதோ கேட்ட மாதிரிதான் இருந்துச்சு."

பத்துப் பேரிடம் இப்படி. ஒருவரும் ஒப்புக்கொள்ளவில்லை, உள்ளேயும் வரவில்லை. முதல் வட்டத்துக்குள் நுழைவது முறையில்லை என்றார்கள். கடைசியில் நிவா தன் காதிலிருந்து ஒயரைப் பிடுங்கி உயரத் தூக்கினார்.

"எனக்குக் கேக்கல. ஒரு மணி நேரமா ஒண்ணும் கேக்கல. தலைவி நானே சொல்றேன், போதுமா?"

அப்புறம் மடை உடைந்தது. எனக்கும் கேக்கல, எனக்கும்தான், நான் அணைச்சே வச்சிட்டேன், நான் பேட்டரியே போடல என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். திடலே வெட்கப்பட்டது. வெட்கப்பட்டவர்கள் ஒருவர் முதுகில் ஒருவர் ஒளிந்துகொள்ளப் பார்த்ததில், தாமாகவே மேடையை நெருங்கிவிட்டார்கள்.

பிறகு நடந்ததை ஆட்டம் என்று சொல்ல முடியாது. இருபத்தைந்து பேர் ஆடுகிற இடத்தில் நூற்று இருபது பேர். கிமோனோவின் அகலக் கை ஒன்று அடுத்தவர் கொண்டையில் மாட்டியது. விசிறி ஒருவர் மூக்கில் பட்டது. ரயிலில்கூடத் தோள் படாமல் நிற்கப் பார்க்கிறவர்கள் நாங்கள். ஹிபினோ சயோகோவோடு கூட்டத்தில் மாட்டிக்கொண்டு, காதில் ஒயரோடு, எந்தக் கை யாருடையது என்று தெரியாமல் ஆடினார். பாட்டின் நடுவே யோகோயின் குரல் காதுக்குள் வந்தது.

"தலைவரம்மா, நீங்க மிதிக்கறது தரை இல்ல, குராத்தா சான் கால். குராத்தா சான், வலிச்சா கையத் தூக்குங்க. இந்தத் தடவ நெசமா வலிச்சா மட்டும் தூக்குங்க."

நூற்று இருபது பேரும் ஒரே நேரத்தில் சிரித்தார்கள். முப்பது வருடத்துக்கு முன்னால் அடுக்களையில் கேட்ட அதே குரல், கொஞ்சம் கனத்திருந்தது. சயோகோ அதே மாதிரி சிரித்தாள். ஹிபினோவுக்கு அழுகை வந்தது. வியர்வை துடைக்கிற துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். இடித்துக்கொண்டு நின்ற யாரும் அதைக் கவனிக்காததுபோல் இருந்தார்கள். அந்த விஷயத்தில் நாங்கள் கெட்டிக்காரர்கள்.

திங்கட்கிழமை சங்கத்துக்கு அடுக்குமாடியிலிருந்து கடிதம் வந்தது. பாட்டுச் சத்தம் சிறிதும் இல்லை, மனமார்ந்த நன்றி, ஆனால் மரச்செருப்பும் சிரிப்பும் சற்றே குறைந்தால் நலம். அடுத்த வருடம் ரப்பர் அடி ஒட்டிக்கொள்வதென்று முடிவானது. சிரிப்புக்கு என்ன செய்வதென்று யாருக்கும் தெரியவில்லை. ஆட்டத்தை நிறுத்துவது பற்றி எவரும் வாய் திறக்கவில்லை.

திங்கள் முடிதிருத்தும் கடைகளுக்கு விடுமுறை. செவ்வாய் காலை ஹிபினோ தெருவைக் கடந்தார். கம்பம் சுற்றிக்கொண்டிருந்தது. கதவைத் தள்ளினார், உள்ளே மணி அடித்தது. வேறு வாடிக்கையாளர் இல்லை. யோகோய் ஒன்றும் கேட்காமல் நாற்காலியைத் திருப்பி, வெள்ளைத் துணியை உதறிக் கழுத்தில் கட்டினார். கத்தரி நடமாடத் தொடங்கியதும் ஹிபினோ கண்ணாடியைப் பார்த்தே சொன்னார். முகத்தைப் பார்த்துச் சொல்லியிருக்க முடியாது.

"அன்னைக்கு ஐந்நூத்தி நாப்பது காட்டுச்சு. கருவி பிசகியிருக்கலாம். இன்னொரு தடவ அளந்திருக்கணும். நான் அளக்கல. உங்க மேல தப்பே இல்லாம இருந்திருக்கலாம். முப்பது வருஷமா இதச் சொல்லணும்னு..."

கத்தரி நின்றது. இதோ, துணியை அவிழ்த்து வெளியே அனுப்பப்போகிறார், பாதி வெட்டிய தலையோடு ரயிலேற வேண்டும் என்று ஹிபினோ நினைத்தார்.

"ஹிபினோ சான்" என்றார் யோகோய். "இந்தக் கண்ணாடில தெரு முழுக்கத் தெரியும். பாருங்க."

தெரிந்தது. ஹிபினோவின் வாசல்கூடத் தெரிந்தது.

"அன்னைக்கு உங்க வண்டி வந்து நின்னத இதுல பாத்தேன். மாடிக்கு ஓடி அவசர அவசரமா குறைச்சேன். கை நடுக்கத்துல நாப்பது மிச்சமாயிடுச்சு."

"குறைச்சீங்களா? முன்னாடி எவ்வளவு இருந்துது?"

"யாரு அளந்தா? ரெண்டு ஸ்டேஷன் தள்ளி என் மச்சான் கேட்டுட்டு இருந்தான்."

இரண்டு ஸ்டேஷன். ஹிபினோ முப்பது வருடம் முடி வெட்டிக்கொள்ளப் போன இடம்.

"உங்களுக்கு அது தெரியும்னு நெனச்சேன்" என்றார் யோகோய், துணியில் விழுந்த முடியைத் தட்டியபடி. "தெரிஞ்சும், ஒரே தெருக்காரன்னு பாவம் பாத்து வெறும் கடிதத்தோட விட்டுட்டீங்கன்னு. அபராதம் போட்டிருந்தா கடையே போயிருக்கும். உங்க முன்னாடி வர வெக்கமா இருந்துச்சு. நீங்க வேற கடைக்குப் போறத ஒவ்வொரு தடவையும் இந்தக் கண்ணாடில பாப்பேன். கோவம் தீரல போலன்னு இருந்துட்டேன்."

ஹிபினோ கண்ணாடியில் தன்னைப் பார்த்தார். பாதி வெட்டிய தலை, கழுத்து வரை வெள்ளைத் துணி, முப்பது வருடம் இரைச்சலுக்கு ஆடிய மூஞ்சி. சிரிப்பு வயிற்றிலிருந்து கிளம்பியது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. நாற்காலி குலுங்கியது. பக்கத்து மீன் கடைக்காரர் வந்து கதவு வழியாக எட்டிப் பார்த்தார்.

யோகோய் கத்தரியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, தானும் சிரித்தபடி சொன்னார்: "ஆடாதீங்க ஹிபினோ சான், காது போயிடும்."